திறப்பு சேரின் இடுப்பிலே

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பஸ் உங்கள் ஒழுங்கை வாசலில் வந்து நிற்கிறது. அதற்குள் இருக்கும் அத்தனை பேரும் சீற்றிலும் தகரத்திலும் தட்டிப் பைலா பாடுகிறார்கள். ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர் ஒருவர் அப்போது என்ன செய்வார்? பொதுத் தொல்லை பற்றிய சட்டத்தில் எந்தப் பிரிவு இதற்குப் பொருந்தும் என்று யோசிப்பார். நானும் அதைத்தான் யோசித்தேன். சாய்மனைக் கதிரையிலிருந்து எழுந்து, சேட்டைப் போட்டுக்கொண்டு, படலையடிக்கு வந்தேன். முறைப்பாட்டின் முதல் வசனம் மனதில் தயாராகிவிட்டிருந்தது.

பஸ்ஸின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு பதாகை கட்டியிருந்தது. 'எங்கள் குடும்பத்தின் வருடாந்தச் சுற்றுலா' என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் துறைமுகத்தடிக் களஞ்சியக் கம்பனியின் சின்னம் போட்டிருந்தார்கள். கப்பலில் வரும் உரத்தை மூட்டையாக்கி லொறிகளில் வயல் ஊர்களுக்கு அனுப்புகிற கம்பனி அது. அந்தக் குடும்பத்தின் இலட்சணம் எனக்குத் தெரியும். பஸ்ஸில் இருந்த ஒருவர்கூட அந்தக் கம்பனியின் ஊழியர் இல்லை. எல்லாரும் 'மேன்பவர்' ஆட்கள். ஒரு ஒப்பந்தக்காரர் திருகோணமலை டவுனிலும் உப்புவெளியிலும் இருந்து தமிழரைக் கொண்டுவருவார். இன்னொருவர் கிண்ணியா, மூதூர் முஸ்லிம்களை. மூன்றாமவர் கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களவரை. முதலாவது கூட்டத்துக்கு நீல ரீசேட், இரண்டாவதுக்கு மஞ்சள், மூன்றாவதுக்குப் பச்சை. சாப்பிடுவதற்கு மூன்று மூலைகள். "நீங்கள் வாயைத் திறந்தால் அடுத்த கலர் உங்கள் இடத்துக்கு வந்துவிடும்" என்று ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் தன் ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தார். நாடு கடனில் விழுந்து பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு வேலை என்று ஒன்று இருப்பதே பெரிய காரியம் என்பதால் யாரும் வாயைத் திறக்கவும் இல்லை.

அந்த வருடம் கம்பனி புதுவருடக் கொடுப்பனவை நிறுத்தியது. மனம் கோணாமல் இருக்க நுவரெலியாவுக்கு ஒரு சுற்றுலா தருவதாகச் சொன்னது. அதிலும் சிக்கனம் பார்த்தது. மூன்று பஸ் பிடிக்காமல் மூன்று கலரையும் ஒரே பஸ்ஸில் அடைத்து அனுப்பியது. இத்தனை வருடமாக ஆட்களைப் பிரித்து வைப்பதற்குப் பட்ட பாடு முழுவதையும் கம்பனி அந்த ஒரு பஸ்ஸில் ஏற்றித் தொலைத்தது.

இந்த நாட்டில் ட்ரிப் பஸ்ஸில் போனவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. முதல் சந்தியைத் தாண்டமுன் பின்சீற்றில் யாராவது தட்டத் தொடங்குவார்கள். வீட்டில் எந்த மொழி பேசினாலும் பைலா மெட்டு எல்லாருக்கும் தெரியும். கலியாண வீட்டில் கேட்டிருப்பார்கள், திருவிழா இசைக்குழுவில் கேட்டிருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரன் கேட்கச் சொல்லாமலே கேட்கவைத்திருப்பான். ஒருவர் வரியை எடுத்தால் மற்றவர்கள் திருப்பிப் பாடவேண்டும். முறை வந்தவர் சொந்தமாக ஒரு வரி போடவேண்டும். போடமுடியாதவரைப் பஸ்ஸே சேர்ந்து கூவும். அந்தப் பஸ்ஸின் ஸ்பீக்கர் ஹபரணைக்கு முன்பே செத்துவிட்டது. போகும்போது தெரிந்த பாட்டுகளைப் பாடினார்கள். திரும்பும்போது தெரிந்தவை முடிந்துபோய், சொந்தமாகக் கட்டவேண்டி வந்தது. எதைப் பற்றிக் கட்டுவது? மூன்று கலருக்கும் பொதுவாகத் தெரிந்தது ஒரே ஒரு இடம்தான்.

பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவள் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருப்பவள். நிரப்பிய உர மூட்டைகளின் வாயைக் கைமெசினால் தைக்கிற வேலை அவளுக்கு. அந்தக் களஞ்சியம் திறந்த நாளிலிருந்து தைக்கிறாள். கையில் ஒரு பிஸ்கட் தகரம் வைத்திருந்தாள். தாளம் போட்டவள் அவள்தான் என்று விளங்கியது.

"ஐயா, நித்திரையைக் குழப்பிப்போட்டமோ?"

"ஓம். இதென்ன பாட்டு?"

"எங்கட பாட்டு. கேக்கப்போறீங்களோ?"

அவளுக்குப் பின்னால் மஞ்சள் ரீசேட்டோடு ஒரு கிண்ணியாக்காரர் இறங்கினார். மூட்டை தூக்குகிற ஆட்களுக்குத் தலைவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி எல்லாரும் நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். "புள்ள, பாத்துப் பாடு. இந்த ஐயா கேட்டாரெண்டா நாளைக்கே ஒரு கடிதம் எழுதிப்போடுவார்" என்றார்.

அவள் பாடினாள். பஸ் திருப்பிப் பாடியது.

*திறப்பு எங்கே, திறப்பு எங்கே? சேரின் இடுப்பிலே!*
*அவசரம் எங்கே, அவசரம் எங்கே? எங்கட வயித்திலே!*
*பூட்டின கதவுக்குப் பின்னால பொன்னோ கிடக்குது?*
*கேட்டுக் கேட்டு நிண்டவளுக்குக் கண்ணே இருட்டுது!*

சிரித்துவிட்டேன். பிறகு அர்த்தம் கேட்டேன். பிறகு சிரிக்கவில்லை.

களஞ்சியத்தில் பெண்களுக்கு ஒரு மலசலகூடம் உண்டு. அதன் திறப்பு, பாட்டில் சேர் என்று வருகிற சுப்பவைசரின் பெல்ட்டில் தொங்கும். போகவேண்டியவள் அத்தனை ஆண்களுக்கும் முன்னால் அவரிடம் போய்க் கேட்கவேண்டும். அவர் மணிக்கூட்டைப் பார்ப்பார், பிறகு அவளைப் பார்ப்பார், பிறகுதான் திறப்பைக் கழற்றுவார். சில நேரம் "இப்பதானே போனனீர்?" என்று உரத்துக் கேட்பார். ஆகவே பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. தகரக் கூரைக்குக் கீழே, உரத் தூசுக்குள், திருகோணமலை வெயிலில் தண்ணீர் குடிப்பதில்லை. வேலைத்தலத்தில் மலசலகூடம் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது ஒருவருடைய இடுப்பில் இருக்கவேண்டும் என்று எந்தப் பிரிவிலும் நான் படித்ததில்லை.

மஞ்சள் ஆட்கள் பள்ளிவாசல் தொழுகையைப் பற்றித் தங்கள் வரியைப் போட்டிருந்தார்கள்.

*வெள்ளிக்கிழமை வந்துதெண்டா மணிக்கூடு ஓடுது,*
*பள்ளிக்குப் போய்த் திரும்பிறத்துக்குள்ள கேற்று மூடுது!*

பச்சை ஆட்களின் வரி சிங்களத்தில் இருந்தது. மழை வந்தால் உரத்துக்குப் படங்கு போர்த்துவார்கள், எங்களுக்குப் போர்த்துவது யார், எங்களை ஒரு மூட்டைக்குள் போட்டுத் தைத்துவிடு அக்கே, என்று அதன் பொருள். அக்கே என்றது அவளைத்தான். என் முறைப்பாட்டின் முதல் வசனத்தை நான் கைவிட்டேன்.

பாட்டு திங்கட்கிழமையே களஞ்சியத்துக்குள் போய்விட்டது. அதற்கு அங்கே ஒரு வேலையும் கிடைத்தது. மூட்டை ஏற்றுவது என்றால், இருவர் இரண்டு முனையில் பிடித்து ஆட்டி, மூன்றாவது ஆளின் தோளுக்கு ஒரே வீச்சில் ஏற்றவேண்டும். மூவரும் ஒரே கணத்தில் மூச்சுப் பிடிக்காவிட்டால் யாராவது ஒருவருடைய முதுகு போகும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தன் தன் கூப்பாடு இருந்தது. கப்பல் வந்த நாட்களில் மூன்று கலரையும் கலந்து விடுவார்கள். அப்போது ஒருவன் கூப்பாடு மற்றவனுக்கு விளங்காது. பாட்டு வந்த பிறகு அந்தக் கரைச்சல் இல்லாமல் போனது. அவள் தகரத்தில் தட்டுவாள், வரியின் கடைசிச் சொல்லில் மூட்டை தோளில் இருக்கும். வேலை முன்பைவிட வேகமாக நடந்ததாம். கம்பனி சந்தோசப்பட்டிருக்க வேண்டும். மூன்று மூலைகளில் சாப்பிட்டவர்கள் ஒரு மூலைக்கு வந்ததைப் பார்க்கும்வரை அது சந்தோசமாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. தொழுகைக்குப் போன மஞ்சள் ஆட்கள் திரும்புமுன் கேற்றை மூடிவிட்டு, அவர்களுடைய வேலையைப் பச்சை ஆட்களிடம் கொடுக்கப் பார்த்தார் சுப்பவைசர். வழக்கமாக நடக்கிற காரியம்தான். இந்த முறை பச்சை ஆட்கள் மூட்டையைத் தொடவில்லை. பச்சைக் கூட்டத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிற இளம் பையன் மெசினை நிறுத்திவிட்டு, மஞ்சள் ஆட்களின் வரியை, அவர்களுடைய தமிழில், தனக்கு வாய்த்த உச்சரிப்போடு பாடத் தொடங்கினான். பச்சை முழுவதும் பாடியது. நீலமும் சேர்ந்தது. கேற்று திறந்தது.

இதைப் பற்றி நான் கொஞ்சம் யோசித்திருக்கிறேன். எங்கள் ஊரில் தொழிற்சங்கங்கள் உண்டு. மே தினத்தில் மூன்று இடங்களில் மூன்று மேடை போடுகிற சங்கங்கள். ஒப்பந்த ஆட்களைச் சேர்க்கச் சங்க விதிகளான யாப்பில் இடமில்லை என்று சொல்கிற சங்கங்கள். யாப்பைத் திருத்துவது எப்படி என்று அவர்களுக்கு நானே எழுதிக் கொடுத்தேன், நன்றி சொல்லி வாங்கி வைத்தார்கள். அவர்கள் செய்யாததை ஒரு பிஸ்கட் தகரம் செய்தது. கடற்கரையில் என்னோடு மாலையில் நடக்கிற படித்த நண்பர்களுக்கு இது பிடிக்கவில்லை. "பைலா பாடி உரிமை எடுக்கிறதோ? கொள்கை எண்டு ஒண்டு இருக்கவேணும்" என்றார் ஒருவர். அவர் தன்னுடைய ஓய்வூதியப் பாக்கியைத் தவிர வேறு எதற்காகவும் குரல் எழுப்பி நான் கேட்டதில்லை.

அடுத்த வாரம் அவளை நிறுத்தினார்கள். கடிதம் இல்லை, குற்றப்பத்திரம் இல்லை, விசாரணை இல்லை. ஒப்பந்தக்காரர் தொலைபேசியில் "நாளைக்கு வரவேண்டாம்" என்றார், ஆள் அனுப்பி அடையாள அட்டையைத் திருப்பி வாங்கினார், அவ்வளவுதான். அவள் என் குசினி வாசலில் வந்து நின்று மனைவியிடம்தான் முதலில் சொன்னாள்.

"பாடினது எல்லாரும், அக்கா. நிப்பாட்டினது என்னை மட்டும். இனி எந்த ஸ்டோரும் என்னை எடுக்காது. பாட்டுக்காரி எண்டு இந்த வீதி முழுக்கக் கதை போயிட்டுது."

"மன்னிப்புக் கேட்டால் எடுப்பாங்களோ?" என்று கேட்டாள் என் மனைவி.

"எதுக்கு மன்னிப்பு? எனக்கு மூத்திரம் வந்ததுக்கோ?"

நான் பேனையை எடுத்தேன். கம்பனிக்கு எழுதினேன். அவள் தங்கள் ஊழியர் அல்ல என்று மனிதவள அதிகாரி பதில் போட்டார். கொழும்பிலிருந்து வந்த இளைஞர், கழுத்துப்பட்டி கட்டுபவர், மலசலகூடம் என்ற சொல்லைக்கூட ஆங்கிலத்தில்தான் சொல்வார். ஒப்பந்தக்காரருக்கு எழுதினேன். வேலைத்தலத்து ஒழுங்கு கம்பனியின் பொறுப்பு என்றார். சுற்றுலாப் பதாகையின் படத்தைக் கம்பனியே முகநூலில் போட்டிருந்தது. அதை எடுத்து இணைத்து, 'தங்கள் குடும்பத்தில் உள்ளவர் தங்கள் ஊழியர் அல்லாதது எவ்வாறு?' என்று மறுபடி எழுதினேன். குடும்பம் என்பது உருவகம் என்று பதில் வந்தது. தொழில் அலுவலகத்துக்கு முறைப்பாடு போனது. விசாரணைக்கு ஒரு திகதி தந்தார்கள். கம்பனி வரவில்லை. இன்னொரு திகதி தந்தார்கள். ஒப்பந்தக்காரர் வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தர் என்னை மிகவும் மரியாதையாக நடத்தினார். நான் வேலை செய்த காலத்தில் மற்றவர்களை நானும் இப்படித்தான் மரியாதையாக நடத்தியிருப்பேன். ஒவ்வொரு திகதிக்கும் அவள் ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

இதற்கிடையில் ஒரு 'நல்லிணக்கத் திட்டம்' அவளைத் தேடி வந்தது. நல்ல ஜீப், நல்ல மைக், கையில் குறிப்புப் புத்தகத்தோடு ஒரு மிஸ். மூவின மக்களும் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டார்களாம். அதைக் கொழும்பு ஸ்டூடியோவில் பதிவு செய்வார்களாம். ஒரு சின்னத் திருத்தம் மட்டும்: திறப்பு வரியை எடுத்துவிட வேண்டும், அது 'செய்தியைத் திசைதிருப்புகிறது'.

"கக்கூசைத் தூக்கிப் போட்டிட்டு ஒற்றுமையாப் பாடச் சொல்லுறீங்கள்," என்றாள் அவள். "நாங்கள் என்னத்துக்கு ஒற்றுமையானனாங்கள் எண்டு நினைக்கிறீங்கள், மிஸ்?"

அந்த மிஸ் தன் குறிப்பில் என்ன எழுதினாரோ தெரியாது. ஜீப் திரும்பி வரவில்லை.

கம்பனி பாட்டைத் தடை செய்தது. தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதை ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டி வைத்திருந்தவர்கள், பாடக்கூடாது என்பதை மூன்று மொழிகளிலும் ஒட்டினார்கள். எழுத்துப் பிழை இல்லாமல்.

அன்று பின்னேரம் நானாவும் போர்க்லிப்ட் பையனும் என் வீட்டுக்கு வந்தார்கள். பையன் அந்த ஆங்கில அறிவித்தல்கள் எல்லாவற்றையும் தொலைபேசியில் படமெடுத்து வந்திருந்தான். "ஐயா, இதில என்னதான் எழுதியிருக்கு? எங்களுக்கு ஒருத்தரும் சொன்னதில்ல" என்றார் நானா.

வாசித்துச் சொன்னேன். ஒன்றில் மூட்டை தூக்குவதைப் பற்றி இருந்தது: ஒருவருக்கு மேற்பட்டோர் சேர்ந்து தூக்கும்போது, நியமிக்கப்பட்ட ஒருவரின் சமிக்ஞை இல்லாமல் தூக்கக் கூடாது.

"சமிக்ஞை எண்டா?"

"ஒரு சத்தம். எல்லாருக்கும் விளங்கிற சத்தம்."

நானா பையனுக்குச் சிங்களத்தில் சொன்னார். பையன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

மறுநாள் கப்பல் வேலை. மூன்று கலரும் மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றன. ஒருவரும் பாடவில்லை. ஒருவரும் தூக்கவும் இல்லை. நியமிக்கப்பட்டவர் யார் என்று கேட்டார்கள். சுப்பவைசர் கத்தினார். கம்பனியின் விதி, சேர், என்று சுவரைக் காட்டினார்கள். வேறு வழியில்லாமல் சுப்பவைசர் தானே நியமனமானார். "தூக்கு!" என்று கத்தினார், நீலமும் மஞ்சளும் தூக்கின, பச்சை நின்றது. "உஸ்ஸன்ன!" என்று சிங்களத்தில் கத்தினார், பச்சை தூக்கியது, மற்றவை நின்றன. மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. விசில் கொண்டு வந்தார்கள். விசிலுக்கு ஒரே சத்தம். எது ஆட்டுவதற்கு, எது ஏற்றுவதற்கு என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரு மூட்டை அந்தரத்திலிருந்து விழுந்து வெடித்து, உரம் முழுவதும் சேரின் சப்பாத்துக்குள் போனது. லொறிகள் பிரதான வீதிவரை வரிசையில் நின்றன. சாரதிகள் இறங்கி மனிதவள அதிகாரியின் தாயை விசாரித்தார்கள்.

"வேலைநிறுத்தமா செய்கிறீர்கள்?" என்று அதிகாரி கேட்டாராம்.

"இல்ல சேர். பாதுகாப்பு" என்றாராம் நானா. "எங்களுக்கு விளங்கிற சமிக்ஞை ஒண்டுதான். அத நீங்கதான் வீட்டுக்கு அனுப்பிட்டீங்க."

ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் தன் ஆட்களைத் தனியே கூப்பிட்டுப் பழைய கதையைச் சொல்லிப் பார்த்தார், அடுத்த கலர் வந்துவிடும் என்று. அடுத்த கலர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கிழமை முடியமுன் அவளுக்குத் தொலைபேசி வந்தது. காலையில் வரச் சொன்னார்கள். என்னையும் வரச் சொன்னாள். குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

கேற்றடியில் மனிதவள அதிகாரி நின்றார். மூன்று கலரும் வேலைக்கு ஏறும் நேரம். சிரித்த முகத்தோடு அவளிடம் ஒப்பந்தக்காரரின் பேரில் அடித்த ஒரு அடையாள அட்டையை நீட்டினார். அவள் வாங்கி, என்னிடம் தந்தாள். பார்த்தேன். புதிய இலக்கம். அன்றைய திகதியில் சேர்ந்த புதிய ஆள். அதாவது அவள் அதுவரை தைத்த மூட்டைகள் எல்லாம் வேறு யாரோ தைத்தவை. சேமலாப நிதி, பணிக்கொடை, சேவைக்காலம், எல்லாம் அன்றைக்குத்தான் பிறந்தவை. ஒரு மனுசியை வேலைக்கு எடுத்துக்கொண்டே கொள்ளையடிக்க முடியும் என்பதை என் உத்தியோக வாழ்வு முழுவதிலும் இவ்வளவு சுத்தமாக நான் கண்டதில்லை.

"இதை வாங்கவேண்டாம்" என்றேன். காரணத்தைச் சொன்னேன்.

அவள் அட்டைக்குக் கையை நீட்டினாள். "ஐயா, நீங்கள் சொல்லுறது சரி. ஆனா வீட்டில அரிசி முடிஞ்சுது. எனக்கு இண்டைக்கு உள்ள போகவேணும்."

அதற்கு என்னிடம் பிரிவும் இல்லை, உபபிரிவும் இல்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.

நானா எட்டிப் பார்த்தார். "இது புது நம்பர்," என்றார், அதிகாரிக்கும் கேட்கும்படி. அவர் உள்ளே போகவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவரும் போகவில்லை. விசயம் வாய்க்கு வாய் மூன்று மொழியில் இறங்கிப் போனது. போர்க்லிப்ட் பையன் கேற்றுக் கம்பியில் விரலால் தட்டத் தொடங்கினான். எல்லாருக்கும் தெரிந்த மெட்டு. வார்த்தை புதிது, அந்த இடத்திலேயே கட்டியது, சிங்களத்தில். பழைய அக்காவுக்குப் புது அட்டை, பழைய வியர்வைக்குப் புதுப் பிறந்தநாள் என்று இரண்டு வரி. கூட்டம் திருப்பிப் பாடியது. மூன்றாவது வரியை அவன் தொடங்கினான்: இந்த அதிசயத்தைச் செய்த ஐயா யார் தெரியுமோ, அவருடைய பேர்... அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தான். கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. கூட்டமும் பேருக்காகக் காத்து நின்றது.

அதிகாரிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். பைலாவும் தெரியும். அந்த இடைவெளியில் தன் பேர் ஒருமுறை விழுந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். லொறிக்காரர்கள் அதை அனுராதபுரத்துக்கும் அம்பாறைக்கும் கொண்டுபோவார்கள். அவருடைய கலியாணத்திலேயே யாராவது பாடுவார்கள்.

அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பழைய அட்டையோடு வந்தார். மேசை லாச்சிக்குள் பத்திரமாகவே இருந்திருக்கிறது. அவள் இலக்கத்தை ஒருமுறை பார்த்து, என்னிடமும் காட்டி, கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"திறப்பு?" என்று கேட்டாள்.

"அதுவும் கதவிலேயே இருக்கும்," என்றார் அதிகாரி சிங்களத்தில், சுப்பவைசரைப் பார்க்காமல்.

மூன்று கலரும் உள்ளே போயின. எனக்குக் கோபம் அடங்கவில்லை, இன்றைக்கும் அடங்கவில்லை. ஒரு மனுசி தண்ணீர் குடிப்பதற்கு மூன்று ஊர் சேர்ந்து இவ்வளவு பாடவேண்டியிருந்தது. கேற்றடியில் நானும் அந்தக் கழுத்துப்பட்டி இளைஞரும் மட்டும் நின்றோம். அவர் குரலைத் தாழ்த்தி, முதல் தடவையாகத் தமிழில் கேட்டார்:

"சேர், உண்மையாச் சொல்லுங்க. இந்தப் பாட்டை எழுதினது யார்?"

"எழுத்தில கேளுங்கோ, தம்பி," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தேன்.